மூடி திறக்காத ஞானஸ்நானத் தொட்டி

ஞானஸ்நானத் தொட்டியின் மூடியைப் பாதிரியார் திறக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்திருந்தது. கடற்காற்று பக்கவாட்டுக் கதவு வழியாக வந்து மெழுகுவத்திகளை அணைப்பதும், கோயில்பிள்ளை முணுமுணுத்துக்கொண்டே மறுபடி ஏற்றுவதுமாக இருந்தது. முன் பெஞ்சுகள் முழுக்கச் சொந்தக்காரர்கள். பாதிப் பேர் பிரான்சிலிருந்து வந்தவர்கள், வியர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார்கள்.

குழந்தை ஜூலியன் வெள்ளை கவுன் போட்டுக்கொண்டு, அம்மா ஜெயசீலியின் கையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். ஞானத்தகப்பன் தண்ணீர் விழும் நேரத்தைப் படம்பிடிக்கக் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து, கை வலித்து, இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

பாதிரியார் ஜெபம் சொன்னார். உச்சியில் எண்ணெய் பூசினார். தொட்டிப் பக்கம் நடந்தார். எல்லாரும் எம்பிப் பார்த்தார்கள். அவர் தொட்டியைத் தாண்டிப் போய், பெரிய மெழுகுவத்தியிலிருந்து சின்ன மெழுகுவத்தியை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தார்.

"சாமி தண்ணிய மறந்துட்டாரா?" என்றார் எனக்கு முன்னால் இருந்த பெரியவர், பக்கத்து அம்மாளிடம். எங்கள் ஊர்க் கிறிஸ்தவர்கள் பாதிரியாரைச் சாமி என்றுதான் சொல்வார்கள்.

அந்த அம்மாள் அடுத்தவரிடம் கேட்டார். அவர் அதற்கடுத்தவரிடம் கேட்டார். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது, அது கோயிலானாலும் சரி.

கடைசி பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கூட்டத்தில் நெற்றியில் விபூதியோடு இருந்த ஒரே ஆள் நான்தான். தொட்டி மூடியே இருந்ததற்கு முக்கால் காரணமும் நான்தான்.

அது எப்படி என்று சொல்ல வேண்டுமானால் கார்த்தேஜ் வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். அவசரப்படாமல் கூட வாருங்கள்.

தொப்புள்கொடிக்கும் தீக்காயத்துக்கும் நடுவே

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுக்கிறவர்களுக்காக ஒரு வரி. என் பெயர் வள்ளி. பாகூர்ப் பக்கம் நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். நர்ஸ் வேலையில் பெரும்பகுதியைப் பச்சைக் குழந்தைகள் வார்டில் கழித்தவள். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன் என்று முதல் வாரமே சொல்லிவிட்டேன். அதற்கப்புறமும் கேட்டுக் கடிதம் போடுகிறவர்கள் போடட்டும்.

நான் நர்சிங் படித்தது கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில். எங்களுக்குப் பாடம் எடுத்த மதர் கறாரான மனுஷி. கட்டுப்போடும் துணியில் ஒரு சுருக்கம் இருந்தாலும் பிரித்து மறுபடி கட்டச் சொல்வார். "சுருக்கம் உனக்குத் தெரியாது, புண்ணுக்குத் தெரியும்" என்பார்.

ஒருநாள் தொப்புள்கொடி கட்டும் பாடம் முடிந்து, தீக்காயப் பாடம் தொடங்குவதற்கு முன், மதர் ஒரு பிளாஸ்டிக் பொம்மையை மேசைமேல் படுக்கவைத்தார். சாகக் கிடக்கிற குழந்தைக்குப் பெற்றவர்கள் ஞானஸ்நானம் கேட்டு, பாதிரியார் வந்து சேர முடியாமல் போனால், நர்ஸ் என்ன செய்ய வேண்டும் என்பது பாடம்.

பெற்றவர்கள் கேட்காமல் யாரும் ஊற்றக் கூடாது, அது முதல் விதி. தண்ணீர் தலையில் விழ வேண்டும். விழுந்து ஓட வேண்டும். குழந்தையின் பெயரைச் சொல்லி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் ஞானஸ்நானம் தருகிறேன் என்று ஊற்றும்போதே சொல்ல வேண்டும். ஊற்றிவிட்டு அப்புறம் சொல்கிற வேலை கிடையாது. பொம்மைத் தலையில் நாங்கள் ஒவ்வொருவரும் ஊற்றிப் பழகினோம். எங்கள் வகுப்பில் இந்துப் பெண்கள் இருந்தோம், முஸ்லிம் பெண்கள் இருந்தார்கள். எல்லாரும்தான் ஊற்றினோம்.

எனக்கு அப்போதே வாய் நீளம். எழுந்து நின்று, நான் முருகன் கோயிலுக்குப் போகிற பெண்ணாச்சே, என் கையால் ஊற்றினால் செல்லுமா என்று கேட்டேன்.

"ஊசி போடுற நர்சு எந்தக் கோயிலுக்குப் போறான்னு மருந்து பார்க்குமா?" என்றார் மதர்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். பரீட்சையில் அந்தக் கேள்வி வரவில்லை, அதனால் மறந்தும் போனேன். அதாவது மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மத்தியானம்

ஜெயசீலியின் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. மில் மூடிய பிறகு கிடைத்த வேலையெல்லாம் செய்து பெண்ணைப் படிக்கவைத்தவர். அவள் வாழ்க்கைப்பட்டதோ சொல்தா வீட்டில். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய குடும்பங்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். மாமியாரைத் தெருவே பெரிய மதாம் என்று கூப்பிடும். அவர் நல்லவர்தான். ஆனால் பேச்சில் எப்போதும் ஒரு படி மேலே நின்றுகொண்டுதான் பேசுவார்.

ஜெயசீலிக்கு மாதம் நிறையும் முன்பே இரட்டைக் குழந்தை பிறந்தது. ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். பையன் தேறிவிடுவான் என்று தோன்றியது. பெண் குழந்தைக்கு நெஞ்சுத் துடிப்பு நின்று நின்று வந்தது. டாக்டர்கள் தங்களால் ஆனதையெல்லாம் செய்துகொண்டிருந்தார்கள். சில நேரம் செய்வதற்கு எல்லாம் இருக்கும், பலன் மட்டும் இருக்காது. எங்கள் வார்டில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஜெயசீலி வேறு மாடியில் படுத்திருந்தாள், எழுந்து வர முடியாது. நிலைமையைச் சொல்ல நான்தான் போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். அவள் தட்டில் சோறு ஆறிக் கிடந்தது.

நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பாதிரியாருக்குப் போன் போட்டாயிற்று, அவர் வெளியூரில் ஓர் அடக்கத்தில் இருக்கிறார், வர நேரமாகும் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது.

"சிஸ்டர், தண்ணி ஊத்திடுங்க. பொண்ணு பேரு மதலேன். பையன் ஜூலியன். ரெண்டு பேருக்கும் ஊத்திடுங்க" என்றாள்.

"நான் கிறிஸ்டியன் இல்லம்மா."

"தெரியும் சிஸ்டர். நீங்க ஊத்துங்க."

படியிறங்கி வரும்போது மதரின் பொம்மை கண்முன் வந்து நின்றது. ஒன்றுகூட மறக்கவில்லை.

கொதிக்கவைத்துச் சுத்தம் செய்த தண்ணீரை எடுத்தேன். அப்படியே ஊற்ற மனசு வரவில்லை. உள்ளங்கையில் அடங்குகிற உயிர், பச்சைத் தண்ணீர் பட்டால் அந்தக் குளிரே எமனாகிவிடும். வெதுவெதுப்பாக்கி, ஊசியைக் கழற்றிய சிரிஞ்சில் எடுத்துக்கொண்டேன். கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு, மதலேன் என்று பெயர் சொல்லி, நெற்றிக்கு மேலே மூன்று முறையாக விட்டேன். தண்ணீர் காதோரம் இறங்கி ஓடியது. விடும்போதே வார்த்தைகளையும் சொன்னேன். பஞ்சுத்துணியால் ஒற்றி எடுத்தேன். அப்புறம் பக்கத்துப் பெட்டியில் ஜூலியனுக்கு. அதே தண்ணீர், அதே வார்த்தை, ஆமென்.

ஆமென் சொல்லி வாய் மூடவில்லை, மதலேனின் பெட்டிக்கு மேலே இருந்த கருவி கத்தத் தொடங்கியது. என் வாயிலிருந்து "முருகா" என்று வந்தது.

வரவழைத்து வந்ததில்லை. கல் தடுக்கினாலும் கூப்பிடுகிற பெயர், அதுவாக வந்துவிட்டது. டாக்டர் ஓடிவந்து குழந்தையைப் பார்க்கத் தொடங்கியதும், நான் ஒதுங்கி நின்று, இடுப்புப் பையில் வைத்திருந்த விபூதியில் ஒரு சிட்டிகை எடுத்து, இரண்டு பெட்டிகளின் வெளிக்கண்ணாடியிலும் ஒரு கீற்று இழுத்தேன்.

பொழுது சாயும் முன் மதலேன் போய்விட்டாள்.

பாதிரியார் வந்து ஜெபம் செய்தார். மறுநாள் அடக்கம். ஜெயசீலியால் போக முடியவில்லை. நான் போய்ச் சொன்னபோது அவள் அழவில்லை. "ஊத்திட்டீங்கல்ல சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டாள். ஊத்திட்டேம்மா என்றேன். தலையை ஆட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வார்டுக் கதவின் சதுரக் கண்ணாடி வழியாக அன்றைக்கு ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அது பெரிய மதாம். விபூதிக் கீற்றையும் பார்த்திருக்கிறார்.

ஒருவேளை

பையன் தேறி வீட்டுக்குப் போனான். சில மாதம் கழித்து ஜெயசீலி அவனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தாள். குழந்தையைக் கொஞ்சுவதற்குள் அவள் முகத்தைப் பார்த்தேன். கொஞ்சுவதற்கு வந்த முகம் அது இல்லை.

விஷயம் இதுதான். பெரிய மதாம் பேரனுக்கு முறையாக ஞானஸ்நானம் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் நடந்ததை அவர் ஞானஸ்நானமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. விபூதி பூசுகிற கை ஊற்றிய தண்ணீர் வெறும் தண்ணீர் என்றாராம். என் பெயரை இழுத்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. நீங்களா கேட்டீங்க, உங்க மருமக கேட்டா, நான் ஊத்தினேன், வேண்டாம்னா துடைச்சுக்குங்க என்று சொல்லிவிட்டு வரலாமா என்றுகூடத் தோன்றியது.

பாதிரியார் சமாதானமாக ஒரு வழி சொல்லியிருக்கிறார். திருச்சபையில் அப்படி ஒரு முறை உண்டாம். சந்தேகம் இருந்தால், 'ஒருவேளை நீ ஏற்கெனவே ஞானஸ்நானம் பெறாமல் இருந்தால்' என்று சொல்லி ஊற்றுவது. முன்பு ஊற்றியது செல்லுமானால் இது சும்மா, செல்லாவிட்டால் இது கணக்கு. யாருக்கும் மனவருத்தம் இல்லை.

நல்ல யோசனைதானே என்றேன் நான்.

ஜெயசீலி குழந்தையை மடியில் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"இவனுக்கு ஒருவேளைன்னு சொல்லி ஊத்துனா, அவளுக்கும் ஒருவேளைன்னுதானே சிஸ்டர் ஆவும்? ரெண்டு பேருக்கும் ஒரே தண்ணி. இவனுக்கு மறுபடி ஊத்திக்கலாம். அவளுக்கு எங்க போயி ஊத்துறது?"



அந்த மத்தியானத்தில் அவள் மகளுக்கென்று செய்ய முடிந்தது அது ஒன்றுதான். பால் கொடுக்கவில்லை, தூக்கவில்லை, அடக்கத்துக்குப் போகவில்லை. பெயர் சொல்லித் தண்ணீர் ஊற்றச் சொன்னாள். அதையும் இப்போது 'ஒருவேளை' ஆக்கப் பார்க்கிறார்கள்.

பாதிரியார் என்னை நேரில் விசாரிக்க வேண்டுமாம். அதைச் சொல்லத்தான் வந்திருந்தாள். "நடந்ததை நடந்தபடி சொல்லுங்க சிஸ்டர், அது போதும்" என்றாள். பாவம், நடந்தபடி சொன்னால் அதில் ஒரு 'முருகா' இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். விபூதியைத்தான் அந்தம்மா கண்ணால் பார்த்துட்டாங்க, கேட்டா ஒத்துக்கோ, வாய்க்குள்ள வந்ததை யாரு பார்த்தா என்றார் அவர். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்களே, பஸ்ஸில் போகும்போதெல்லாம் அதே நினைப்பு. சொன்னால் அந்தப் பெண்ணின் கடைசிப் பிடியும் என் வாயாலேயே போய்விடலாம். சொல்லாவிட்டால், காலத்துக்கும் நான் ஒளித்துவைத்த ஒன்றின்மேல் அவள் நின்றுகொண்டிருப்பாள்.

கார்த்தேஜ் எந்தப் பக்கம்?

பாதிரியாரின் பெயர் அமலன். என் மகனைவிடச் சின்னவர். மேசைமேல் காகிதங்கள் மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்கப் புத்தகங்கள்மேல் புத்தகங்களாக அடுக்கி வைத்திருந்தார். குருமடத்தில் ஆதிச் சபைகளின் வரலாற்றை விரும்பிப் படித்தவராம். ஜெயசீலி, அவள் புருஷன் அந்துவான், பெரிய மதாம், நான், எல்லாரும் அவர் எதிரில் உட்கார்ந்தோம். பெரிய மதாம் என் நெற்றியை ஒருதரம் பார்த்துவிட்டுச் சுவர்ப்படத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

பாதிரியார் கேள்விமேல் கேள்வி கேட்டார். தலையில் விழுந்ததா, ஓடியதா, ஊற்றும்போதே சொன்னேனா, பெயர் சொன்னேனா. மதரின் பரீட்சையைத் தாமதமாக எழுதுகிற மாதிரி இருந்தது. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

"என்ன தண்ணி?"

"சுத்தம் பண்ண தண்ணி. குளிரக் கூடாதுன்னு வெதுவெதுப்பாக்கினேன்."

அவர் எழுந்தேவிட்டார். அடுக்கிலிருந்து ஒரு புத்தகத்தை உருவி, வேண்டிய பக்கம் கிடைக்காமல், புத்தகத்தை மூடிவிட்டு வாயாலேயே சொன்னார். ஏசுவின் சீடர்களுக்குப் பிறகு வந்த முதல் சபைகளுக்கென்று ஒரு சின்னக் கைப்புத்தகம் இருந்ததாம். ஞானஸ்நானம் எப்படிக் கொடுப்பது என்று அதில் இருக்கிறதாம். ஓடுகிற தண்ணீரில் கொடு, அது இல்லாவிட்டால் வேறு தண்ணீர். குளிர்ந்த தண்ணீர் ஆகாவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீர். முழுக வழியில்லாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்று, போதும்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அந்த மனிதர்களை நினைத்துப் பாருங்கள். சொந்தமாக ஒரு கோயில் கிடையாது. யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். நாளைக்கே பிடித்துக்கொண்டு போய்விடலாம். உலகத்துக்கே புதுசாக ஒரு வேதத்தைச் சொல்லக் கிளம்பிய கூட்டம், உட்கார்ந்து வெதுவெதுப்பான தண்ணீரைப் பற்றி யோசித்திருக்கிறது. யாரோ ஒரு சீக்காளி அவர்கள் முன்னால் நடுங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது எப்படித் தோன்றும்? நான் பாகூர்க்காரி, என் வார்டில் என் கைக்குத் தோன்றியது, எத்தனையோ நூற்றாண்டுக்கு முன் கடல் தாண்டி யாருக்கோ தோன்றியிருக்கிறது. இன்றைக்கும் சுடுதண்ணீரில் விரலை விட்டுச் சூடு பார்க்கும்போது அவர்கள் நினைவு வரும்.

பாதிரியார் உட்கார்ந்தார்.

"வேற எதாவது சொன்னீங்களா?"

ஜெயசீலி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னேன். முருகான்னு சொன்னேன்."

பெரிய மதாம் "மோந்தியே" என்று நெஞ்சில் கை வைத்தார். கடவுளே என்பதை அவர் பிரெஞ்சில்தான் சொல்வார். ஜெயசீலி கண்ணை மூடிக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

எப்போது என்று கேட்டார் பாதிரியார். இரண்டு பேருக்கும் ஊற்றி முடித்து, ஆமென் சொன்ன பிறகு என்றேன். ஊற்றும்போது மனசில் என்ன இருந்தது என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க. இந்தப் பொண்ணு எதைக் கேட்டுச்சோ அதைக் குடுக்கணும். அவ்வளவுதான் இருந்துச்சு."

பெரிய மதாம்தான் பேசினார். முருகா என்ற வாய் கொடுத்த ஞானஸ்நானம் எப்படி ஞானஸ்நானமாகும், தன்னிடம் இல்லாததை ஒருத்தி எப்படி எடுத்துக் கொடுப்பாள் என்று கேட்டார். கோபமாகக் கேட்டாலும் கேள்வி நியாயமாகத்தான் பட்டது எனக்கே.

"மதாம், நீங்க கேக்குறதை ஒரு பெரிய புனிதரே கேட்டிருக்காரு" என்றார் பாதிரியார். பெரிய மதாம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வில்லியனூருக்கு அடுத்த ஸ்டாப் மாதிரி கார்த்தேஜைப் பற்றிப் பேசத் தொடங்கினார் அந்தப் பிள்ளை. அது ஆப்பிரிக்காவில் கடற்கரைப் பட்டணமாம். நம் ஊர் மாதிரிதான் போலிருக்கிறது. அங்கே ஓர் ஆயர், ரோமாபுரியில் ஓர் ஆயர்; பிஷப்பைத்தான் அப்படிச் சொல்வார்கள். பெயர்களையும் சொன்னார். எனக்கு மருந்துப் பெயர்தான் மனசில் நிற்கும், மனிதர் பெயர் நிற்காது.

ரோமாபுரிச் சக்கரவர்த்தி கிறிஸ்தவர்களைப் பிடித்துத் தன் தெய்வங்களுக்குப் பலியிடச் சொன்ன காலம். சிலர் மறுத்துச் செத்தார்கள். சிலர் பயந்து பணிந்தார்கள். பணிந்தவர்களைத் திரும்பச் சேர்ப்பதா வேண்டாமா என்று சண்டை வந்து சபை உடைந்தது. உடைந்து போனவர்களும் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அங்கே ஞானஸ்நானம் வாங்கிய ஒருவர் தாய்ச் சபைக்குத் திரும்பி வந்தால், மறுபடி தண்ணீர் ஊற்றுவதா?

ஊற்றத்தான் வேண்டும், வெளியே போனவனிடம் கொடுக்க என்ன இருக்கிறது என்றார் கார்த்தேஜ் ஆயர். கூடாது, கிறிஸ்துவின் பெயரைச் சொல்லி ஒருதரம் ஊற்றினால் ஊற்றியதுதான், கையை மட்டும் தலையில் வைத்துச் சேர்த்துக்கொள் என்றார் ரோமாபுரி ஆயர். கடிதம் போனது, பதில் வந்தது, பேச்சு முற்றி உறவே அறுந்துவிடும் நிலை வந்தது. சண்டை தீரும் முன்பே இருவரும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். கார்த்தேஜ் ஆயரைத் தலையை வெட்டிக் கொன்றார்கள். வெட்ட வந்தவனுக்குப் பொற்காசு கொடுக்கச் சொல்லிவிட்டுக் கழுத்தை நீட்டினாராம் அவர்.

எவ்வளவு பெரிய மனசு! நான் அவரை அதுவரை எதிர்க்கட்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்டவர் சொன்னதையும், ரொம்ப மரியாதையோடு, திருச்சபை எடுத்துக்கொள்ளவில்லை. இருவரையும் புனிதர் என்று வைத்துக்கொண்டு, ரோமாபுரிக்காரர் வழியில் நடந்தது. அதே ஆப்பிரிக்காவில் பின்னால் வந்த இன்னொரு ஆயர் அதற்குக் காரணமும் சொன்னாராம். ஊற்றுகிற கை தலைமைச் சீடர் ராயப்பருடையதாக இருக்கட்டும், ஏசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசுடையதாகவே இருக்கட்டும், ஊற்றுகிறவர் கிறிஸ்துதான். கை நல்ல கையா என்று பார்த்தால் உலகத்தில் எவனுக்கும் தன் ஞானஸ்நானத்தின்மேல் நம்பிக்கை இருக்காது. யார் மனசை யார் பார்த்தது?

"அவங்க பேசினது பிரிஞ்சு போன கிறிஸ்தவங்களைப் பத்தி. உங்களை மாதிரி ஒருத்தரைப் பத்தி அப்போ முடிவு பண்ணல" என்று என்னிடம் ஒளிக்காமல் சொன்னார் பாதிரியார். "ஆனா அந்த வழியிலயே நடந்து நடந்து, பின்னாடி வந்தவங்க இங்க வந்து நின்னாங்க. சபை என்ன நினைச்சுக் குடுக்குதோ அதைக் குடுக்கணும்னு நினைச்சா, ஞானஸ்நானம் வாங்காதவங்க கையும் ஆகும்."

மதர் ஒரே வரியில் சொன்ன ஊசி மருந்துக்குப் பின்னால் இத்தனை பேர் கண்ணீரும் ரத்தமும் இருந்திருக்கிறது. எனக்குத் தெரியவே தெரியாது.

அப்போதுதான் ஜெயசீலி வாயைத் திறந்தாள். அந்தக் காலத்தில், மறுபடி தண்ணீர் வாங்காமலேயே செத்துப்போனவர்கள் கதி என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

பாதிரியார் அவளை ஆச்சரியத்தோடு பார்த்தார். அந்தக் கேள்வியை அப்போதே கார்த்தேஜ் ஆயரிடம் கேட்டிருக்கிறார்களாம். அவ்வளவு கறாரானவர்கூட, அவர்களை ஆண்டவரின் இரக்கம் கைவிடாது என்றுதான் சொன்னாராம்.

"இரக்கம் இருக்கும் சாமி. எனக்குத் தெரியும்" என்றாள் ஜெயசீலி. "ஆனா எம்பொண்ணு பேரைச் சொல்லி ஊத்துனாங்க. அது நடந்துச்சா, இல்லையா?"



"நடந்துச்சும்மா" என்றார் பாதிரியார். "சந்தேகம் இல்லாத இடத்துல ஒருவேளைன்னு சொன்னது என் தப்பு. பையனுக்கு மறுபடி ஊத்த மாட்டேன். ஊத்தவும் கூடாது."

ஜெயசீலி அழுதாள். மகள் போன நாளிலிருந்து சேர்த்துவைத்த அழுகை. அந்துவான் என்ன செய்வது என்று தெரியாமல் குழந்தையை வாங்கிக்கொண்டார். எழுந்து வந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டவர் பெரிய மதாம்தான். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. போகும்போதும் திரும்பிப் பார்க்கவில்லை. பாதிரியார் முடிவு சொன்னார் என்று வாயை மூடிக்கொண்டாரே தவிர, மனசு மாறியதா என்று யாருக்குத் தெரியும்?

மறுபடியும் கோயில்

எண்ணெய், வெள்ளைத் துணி, மெழுகுவத்தி. ஆஸ்பத்திரியில் விட்டுப்போன சடங்குகள் மட்டும் அன்றைக்குக் கோயிலில் நடந்தன. விவரம் தெரிந்தவர்கள் நாங்கள் ஐந்தாறு பேர். மற்றவர்கள் தண்ணீருக்காகக் காத்திருந்தார்கள்.

பாதிரியார் முடித்துவிட்டு, வாழ்த்துச் சொல்லிச் சிரித்தார். முணுமுணுப்பு வலுத்தது. ஞானத்தகப்பன் கைப்பேசியைக் கீழே இறக்கிவிட்டு, முன் பெஞ்சில் இருந்த பெரிய மதாமிடம் குனிந்து, பிரெஞ்சில் ஏதோ கேட்டார். அவருக்குப் பின்னால் இருந்த இன்னொரு பெரியவர் எல்லாருக்கும் கேட்கும்படி தமிழிலேயே கேட்டார். தண்ணியே ஊத்தலையே மதாம், இது என்ன ஞானஸ்நானம்?

ஜெயசீலி குழந்தையை இறுக்கிக்கொண்டதை நான் கடைசி பெஞ்சிலிருந்தே பார்த்தேன். சாமி எதோ சொல்றாரு, எனக்கென்ன தெரியும் என்று பெரிய மதாம் தோளைக் குலுக்கினால் போதும். அந்தப் பெண் காலத்துக்கும் சொந்தக்காரர்கள் வாயில் விழுவாள். என் கை தானாக இடுப்புப் பையைத் தேடியது. முருகா என்று இந்தத் தடவை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

பெரிய மதாம் எழுந்து நின்றார். அவர் மடியில் ஏதோ வெள்ளைத் துணி மடித்து வைத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டதில் மடிப்பு கலைந்து விழுந்தது. ஜூலியன் போட்டிருந்ததைப் போலவே ஒரு சின்ன கவுன், அதே சரிகை, அதே ரிப்பன். குழந்தைகள் பிறப்பதற்கு முன்பே பாரீசிலிருந்து ஜோடியாக வரவழைத்திருக்கிறார்.

அவர் கூட்டத்தைத் தாண்டி நேராக என்னைப் பார்த்தார். என்னை நோக்கிக் கையை நீட்டினார். தலைகள் எல்லாம் திரும்பின.

"தண்ணி ஆஸ்பத்திரியிலயே ஊத்தியாச்சு. அதோ உக்காந்திருக்காங்களே, அந்த அம்மாதான் ஊத்துனாங்க" என்றார்.

கையிலிருந்த கவுனை ஒருதரம் தடவிக்கொண்டார்.

"ரெண்டு பேருக்கும்."